அழித்து எழுதிய வாசிப்புகள்

ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சென்ற வருடம், பன்னிரண்டாம் தரத்தில், பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் எளிய ஊசல் பரிசோதனை செய்தோம். ஒரு நூல், அதன் நுனியில் ஓர் உலோகக் குண்டு, ஒரு நிறுத்தற்கடிகாரம். நூலின் நீளத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு தடவையும் இருபது அலைவுகளுக்கான நேரத்தை எடுத்து, வரைபு வரைந்து, அதன் படித்திறனிலிருந்து புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணிக்க வேண்டும். எங்கள் குழுவில் நான்கு பேர். இரண்டு பாடவேளைகள் முடியப்போகும் நேரத்தில் எங்களுக்குக் கிடைத்த விடை 10.8.

புத்தகத்தில் இருப்பது 9.81. மணி அடிக்கப் பத்து நிமிடமே இருந்தது. எங்களில் ஒருத்தி ஒரு வழி சொன்னாள். மற்ற மூவரும் மறுக்கவில்லை. 9.81 இலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு நீளத்துக்கும் எவ்வளவு நேரம் வந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தோம். உண்மையான வாசிப்புகளை அழிறப்பரால் அழித்துவிட்டு அந்த எண்களை எழுதினோம். சந்தேகம் வராமல் இருக்க இரண்டு மூன்று இடங்களில் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் வைத்தோம். புள்ளிகள் எல்லாம் கோட்டோடு அழகாகப் பொருந்தின. செய்முறைக் கொப்பியில் சரி அடையாளமும் கிடைத்தது.

இதை வாசிக்கும் தோழிகளில் பலர் இப்போது சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்களும் செய்திருக்கிறீர்கள். இரசாயனவியலில் அளவியின் வாசிப்பைப் பக்கத்து மேசையின் வாசிப்போடு 'சரிபார்த்து' எழுதியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதை நாங்கள் பொய் என்று நினைப்பதே இல்லை. விடை எப்படியும் எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது என் கருத்து வேறு. விஞ்ஞான ஆராய்ச்சி என்பது எங்கே தொடங்குகிறதோ, சரியாக அந்த இடத்தைத்தான் நாங்கள் அன்று அழித்தோம்.

அது எனக்கு விளங்கக் காரணம் ஐந்தாம் தரத்தில் படிக்கும் என் தம்பி. ஒரு விடுமுறை நாளில் ஜன்னல் கம்பியில் நூல் கட்டி, அதில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, அவனுக்கு ஊசலை விளங்கப்படுத்தினேன். பூட்டைக் கையிலிருந்து விட்டதும் "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினேன். அவன் என்னைத் தடுத்தான். "ராத்தா, அது இன்னும் போய்த் திரும்பி வரவே இல்லையே. அதுக்குள்ள எப்பிடி ஒண்டாகும்?"

அப்படியே நின்றுவிட்டேன். ஆய்வுகூடத்தில் அன்று எண்ணியவளும் நான்தான். விடும்போதே 'ஒன்று' என்று சொன்னால், 'இருபது' என்று சொல்லும்போது ஊசல் பத்தொன்பது அலைவுகளையே முடித்திருக்கும். பத்தொன்பது அலைவுகளின் நேரத்தை இருபதால் வகுத்திருக்கிறோம். எல்லா நீளங்களுக்கும் ஒரே பிழை என்பதால் புள்ளிகள் அப்போதும் நேர்கோட்டில்தான் விழுந்தன. இருபதைப் பத்தொன்பதால் வகுத்து வர்க்கித்துப் பார்த்தேன். 1.108 வந்தது. உண்மையான பெறுமானத்தை அதனால் பெருக்கினால் கிடைப்பது 10.8! நாங்கள் அழித்த விடைக்குள்ளேயே எங்கள் பிழையின் முகவரி இருந்திருக்கிறது. அழிக்காமல் அரை மணிநேரம் யோசித்திருந்தால் அன்றே அதைக் கண்டுபிடித்திருப்போம்.

இதைவிட வெட்கமான இன்னொன்றும் உண்டு. 9.81 என்பது எங்கள் மண்ணின் பெறுமானமே அல்ல. பூமி தன்னைத் தானே சுற்றுகிறது. மத்தியகோட்டுப் பகுதியில் சற்றுப் புடைத்தும் இருக்கிறது. ஆகவே ஈர்ப்பு ஆர்முடுகல் இடத்துக்கு இடம் மாறும். இலண்டனில் அது 9.81. மத்தியகோட்டுக்கு அருகிலுள்ள இலங்கையில் ஏறத்தாழ 9.78. பாடசாலை நிறுத்தற்கடிகாரத்தால் இந்தச் சிறு வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். எங்கள் காலடியிலிருக்கும் பூமி சொன்னதை அழித்துவிட்டு, எங்கோ ஓர் ஊரின் எண்ணை எங்கள் கையால் அளந்ததாக எழுதியிருக்கிறோம்.

எண்ணிக்கைப் பிழையால் வந்த விடை பெரிய விடயமா என்று கேட்கலாம். பெரிய விடயமாக மாறிய ஒரு வித்தியாசத்தின் கதையைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ரேலி பிரபு என்ற பௌதிகவியலாளர் வாயுக்களின் அடர்த்தியை மிகத் துல்லியமாக அளந்துகொண்டிருந்தார். வளியிலிருந்து ஒட்சிசன் முதலியவற்றை நீக்கிவிட்டுப் பெற்ற நைதரசனின் ஒரு லீற்றர் 1.2572 கிராம் இருந்தது. அமோனியா போன்ற சேர்வைகளிலிருந்து பெற்ற நைதரசனோ 1.2505 கிராம். ஒரே மூலகம், இரண்டு நிறை. வித்தியாசம் நூற்றுக்கு அரைப் பங்கு அளவுதான். எங்கள் குழுவாக இருந்திருந்தால் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்திருப்போம். அவர் திரும்பத் திரும்ப அளந்தார். வித்தியாசம் போகவில்லை. 1892 இல் 'நேச்சர்' சஞ்சிகைக்குக் கடிதம் எழுதி, தனக்கு இது விளங்கவில்லை, காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பகிரங்கமாகவே கேட்டார். பெயர் பெற்ற ஒரு பேராசான் தனக்கு விளங்கவில்லை என்று அச்சில் எழுதியதை நினைத்துப் பாருங்கள்.

பிறகு வில்லியம் ராம்சே என்ற இரசாயனவியலாளர் அவரோடு சேர்ந்தார். வளியிலிருந்து பெற்ற நைதரசனைச் சூடான மகனீசியத்தின் மீது மீண்டும் மீண்டும் செலுத்தி, நைதரசன் முழுவதையும் அகற்றினார். எதுவும் மிஞ்சக் கூடாது. ஆனால் மிஞ்சியது. அதன் நிறமாலை எந்தத் தெரிந்த மூலகத்தோடும் பொருந்தவில்லை. 1894 இல் இருவரும் உலகுக்கு அறிவித்த அந்தப் புதிய மூலகம்தான் ஆகன். நாங்கள் சுவாசிக்கும் வளியில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு அதுதான். அதைத் தொடர்ந்து 1898 இல் நியோன், கிரிப்டன், செனன் ஆகியனவும் கண்டுபிடிக்கப்பட்டன. ஆவர்த்தன அட்டவணையில் நாங்கள் மனனம் செய்யும் விழுமிய வாயுக்களின் நிரல் முழுவதும் அந்த அரைச் சதவீத வித்தியாசத்தின் வழியாக வந்தது. 1904 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு ரேலிக்கும் இரசாயனவியலுக்கான பரிசு ராம்சேக்கும் கிடைத்தன.

இந்தக் கதையில் என்னை அதிகம் தொட்டவர் இவர்கள் இருவரும் அல்லர். நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1785 இல், ஹென்றி கவெண்டிஷ் வளியில் மின்பொறி பாய்ச்சி நைதரசனை அகற்றும் பரிசோதனை செய்திருந்தார். கடைசியில் ஒரு சின்னக் குமிழி மட்டும் எஞ்சியது. மொத்தத்தில் 120 இல் ஒரு பங்குக்கு மேல் இராது என்று அதையும் அளந்து எழுதிவைத்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாமலே மறைந்தார். ஆனால் குமிழியை மறைக்கவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து வந்தவர்களுக்கு அந்த ஒரு வரி சாட்சியாக நின்றது. அவரது கொப்பியில் அழிறப்பர் பட்டிருந்தால் அந்தச் சாட்சி இருந்திருக்காது.

மருத்துவத்துக்கு வருவோம். எங்கள் ஊரில் 'கெஸ்ட்ரைட்டிஸ்' என்ற சொல்லைக் கேளாத வீடு இல்லை. இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் மனஅழுத்தமும் அமிலமும்தான் என்று ஒரு காலத்தில் உலகம் முழுவதும் நம்பியது. அமிலம் நிறைந்த இரைப்பையில் பற்றீரியா வாழாது என்பது பாடப்புத்தக உண்மை. 1979 இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரன் என்ற நோயியல் மருத்துவர், நோயாளிகளின் இரைப்பைத் துண்டங்களில் வளைந்த பற்றீரியாக்களைக் கண்டார். இருக்கக் கூடாத இடத்தில் இருந்தாலும், கண்டதைக் கண்டபடி எழுதினார். பின்னர் பெரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு இணைந்து அவற்றை வளர்க்க முயன்றார். முப்பதுக்கும் அதிகமான நோயாளிகளின் மாதிரிகளில் ஒன்றும் வளரவில்லை. வழக்கப்படி இரண்டு நாட்களில் தட்டுகளை வீசிவிடுவார்கள். 1982 இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் சில தட்டுகள் வீசப்படாமல் கூடுதல் நாட்கள் இருந்துவிட்டன. அவற்றில் வளர்ந்திருந்தது, பின்னாளில் ஹெலிக்கோபக்ரர் பைலோரி என்று பெயர் பெற்ற பற்றீரியா. அதற்கு இரண்டு நாட்கள் போதவில்லை, அவ்வளவுதான். இன்று பலருடைய இரைப்பைப் புண் நுண்ணுயிர்கொல்லி மருந்தால் குணமாகிறது. இருவருக்கும் 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனிக் கணினி. "செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி ஆய்வுகூடத்தில் கையால் அளப்பது எதற்கு" என்று என் வகுப்பிலேயே கேட்கிறார்கள். 2024 இல் இரசாயனவியல் நோபல் பரிசின் ஒரு பாதி, டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகியோருக்கு, புரதங்களின் வடிவத்தை எதிர்வுகூறும் 'அல்பாபோல்ட்' என்ற கணினி முறைக்காகக் கிடைத்தது. அமினோ அமிலங்களின் ஒழுங்கைக் கொடுத்தால் புரதம் எப்படி மடியும் என்று அது சொல்லும். ஒரே ஒரு புரதத்தின் வடிவத்தைக் காண மாதங்கள், சில வேளை வருடங்கள் உழைத்த காலம் இருந்தது. அந்தக் கணினி முறை இருபது கோடிக்கும் அதிகமான புரதங்களின் வடிவங்களை எதிர்வுகூறியிருக்கிறது. அது எங்கிருந்து கற்றது? 1971 இல் வெறும் ஏழு புரதங்களோடு தொடங்கப்பட்ட ஒரு பொதுத் தரவுவங்கியிலிருந்து. ஐம்பது வருடங்களாக உலகெங்குமுள்ள ஆராய்ச்சியாளர்கள், தாங்கள் அளந்ததை அளந்தபடி அந்த வங்கியில் சேர்த்தார்கள். பெயர் தெரியாத அவர்களின் நேர்மைதான் இன்று இயந்திரத்தின் அறிவாக நிற்கிறது. அவர்கள் எங்களைப் போல் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டிருந்தால், இயந்திரம் கற்றிருப்பதும் பொய்தான். கணினி வந்ததால் நேர்மையான வாசிப்பின் பெறுமதி கூடித்தான் இருக்கிறது.

பொய்யான வாசிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் யான் ஹென்ட்ரிக் ஷோன் என்ற இளம் பௌதிகவியலாளர் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலிருந்து அதிசயமான முடிவுகளை அடுத்தடுத்து வெளியிட்டார். வெவ்வேறு பரிசோதனைகளின் வரைபுகளில் இருந்த சிறு நடுக்கங்கள்கூட ஒரே மாதிரி இருப்பதைச் சிலர் கவனித்தார்கள். 2002 இல் விசாரணைக் குழு அவர் தரவுகளைப் புனைந்திருந்தார் என்று முடிவு செய்தது. சமன்பாடுகளிலிருந்தே வரைந்த வரைபுகளும் அவற்றில் இருந்தன. இதை வாசித்தபோது எனக்கு உடல் சில்லிட்டது. அன்று நாங்கள் செய்ததும் அதுதானே?

பெற்றோர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று. 1998 இல் அன்ட்ரூ வேக்பீல்ட் என்ற பிரித்தானிய மருத்துவர், வெறும் 12 பிள்ளைகளை வைத்து, சின்னமுத்து முதலான மூன்று நோய்களுக்குப் போடும் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். பிள்ளைகளைப் பற்றிய விபரங்கள் திரிக்கப்பட்டிருந்தது பின்னர் வெளிவந்தது. 2010 இல் சஞ்சிகை அதை வாபஸ் பெற்றது. அந்தப் பன்னிரண்டு வருடங்களில் எத்தனையோ தாய்மார் பயந்து ஊசியைத் தவிர்த்தார்கள். பிரித்தானியாவில் சின்னமுத்து மீண்டும் தலைதூக்கியது. பயம் இன்றும் முற்றாகப் போகவில்லை. வாசிப்பை மாற்றுவதால் யாருக்கு என்ன நட்டம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கல்லூரி விழாக்களில் இஸ்லாமிய விஞ்ஞானிகளைப் பற்றிப் பேசாத பேச்சாளர் இல்லை. நானும் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால் இப்னு அல்ஹைதம் யார்? பஸ்ராவில் பிறந்து, 'கிதாபுல் மனாழிர்' என்ற ஒளியியல் நூலை எழுதியவர். பெரியோர் எழுதிவிட்டார்கள் என்பதற்காக ஒன்றை ஏற்காமல், இருட்டறையில் துவாரம் வழியே ஒளியைச் செலுத்திப் பார்த்துச் சோதித்தவர். தொலமியின் நூல்களில் தனக்கு எழுந்த ஐயங்களை ஒரு தனி நூலாகவே எழுதியவர். அவருடைய பெயரை மேடையில் சொல்லிவிட்டு, ஆய்வுகூடத்தில் புத்தகத்து விடையை அப்படியே கொப்பியில் இறக்குகிறோம். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரை எச்சரிக்கும் ஸூரத்துல் முதப்பிபீனைச் சிறு வயதிலேயே மனனம் செய்தவர்கள் நாங்கள். அது சந்தைத் தராசுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட்டோமா?

எங்கள் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். உயர்தரத்தில் பாடத்திட்டம் பெரியது. இசட் புள்ளியில் தசமத்துக்குப் பின்னால் வரும் எண்ணுக்காகத் தூக்கத்தைத் தொலைக்கிறோம். பாடசாலை விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் கடந்தகால வினாத்தாள். பரிசோதனை பற்றிய கேள்வியும் எழுத்துத் தேர்வில்தான் வருகிறது. ஊசலைத் தொடாமலே அமைப்புக் கட்டுரை வினாவுக்கு முழுப் புள்ளி வாங்கலாம். ஒரு ஆய்வுகூடத்தை எத்தனையோ வகுப்புகள் பங்கிட வேண்டியிருக்கிறது. இவையெல்லாம் உண்மை. ஆசிரியர்களையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் நேரம் இல்லை என்பதற்காகப் பரிசோதனையைப் பாதியில் விடலாம். விட்டோம் என்று எழுதலாம். செய்யாததைச் செய்ததாக எழுதுவதற்கு நேரமின்மை காரணமாகாது.

நாங்கள் எல்லாரும் ஆராய்ச்சியாளர்களாக மாட்டோம் என்பதும் தெரியும். ஆனால் எங்கள் நாட்டில் விடை கிடைக்காத கேள்விகள் காத்திருக்கின்றன. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தின் விவசாயிகளை ஒரு சிறுநீரக நோய் வாட்டுகிறது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாதவர்களுக்கும் வருகிறது. குடிநீரா, விவசாய இரசாயனங்களா, வெயிலா, எல்லாம் சேர்ந்தா என்பதில் இன்னும் முடிவான பதில் இல்லை. அதற்குத் தண்ணீரை அளக்கும் இரசாயனவியலாளர், இரத்தத்தைச் சோதிக்கும் மருத்துவர், தரவைப் பகுக்கும் கணினித் துறையினர் எல்லாரும் வேண்டும். இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில், ஈர்ப்பு குறைந்த ஒரு பெரும் பகுதியில், கடல் மேற்பரப்பு எதிர்பார்க்கப்படும் மட்டத்தைவிடச் சுமார் 100 மீற்றர் தாழ்ந்திருக்கிறது. அதன் காரணத்தையும் இன்னும் ஆராய்கிறார்கள். நாளை இந்தக் கேள்விகளுக்கு முன்னால் நிற்கப்போவது இன்று எங்கள் ஆய்வுகூடங்களில் இருக்கும் பிள்ளைகளில் யாரோ ஒருவர்தான். அன்று அவர் கையில் எடுப்பது பென்சிலையா, அழிறப்பரையா என்பதை இப்போதைய பழக்கம் தீர்மானிக்கிறது.

ஆகவே தோழிகளே, செய்முறைக் கொப்பியில் வாசிப்பைப் பேனையால் எழுதுங்கள். பிழையென்று தோன்றினால் ஒரு கோடு மட்டும் போடுங்கள்; அடியில் இருப்பது தெரியட்டும். விடை பொருந்தாவிட்டால், ஏன் பொருந்தவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். ஆசிரியர்களிடம் எங்கள் பணிவான வேண்டுகோள், அந்த இரண்டு வரிகளுக்கும் புள்ளி தாருங்கள். உம்மா வாப்பாமாரே, "எத்தனை புள்ளி?" என்று கேட்பதோடு, "இன்று எது சரிவரவில்லை?" என்றும் ஒரு தடவை கேளுங்கள். பிழைத்துப்போனதை வீட்டில் சொல்லலாம் என்று தெரிந்த பிள்ளை, ஆய்வுகூடத்தில் அதை மறைக்க மாட்டாள்.

இதை எழுத முன்னர், டீச்சரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, நாங்கள் நால்வரும் ஓர் இடைவேளையில் ஊசலை மீண்டும் கட்டினோம். இம்முறை விடும்போது 'பூச்சியம்' என்று எண்ணத் தொடங்கினேன். விடை 9.7 வந்தது. 9.81 உம் இல்லை, 9.78 உம் இல்லை. அப்படியே எழுதினோம். அதன் மேல் பழைய விடையையும், அது எப்படி வந்தது என்பதையும் எழுதியிருக்கிறோம்.

எங்கள் அளவைகளிலும் எழுத்துகளிலும் நேர்மையாக இருக்க வல்ல நாயன் எங்களுக்கு அருள்புரிவானாக.

உயர்தரம், பௌதிக விஞ்ஞானப் பிரிவு